பக்கத்து வீட்டார் ஒரு மாதம் வெளியூர்: மூன்று பூனைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: சேதுக்கரை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் பணி காரணமாக நாங்கள் கீழக்கரையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் சுவரை ஒட்டிய வீட்டு அம்மையாரைத் தெருவே லாத்தா (அக்கா) என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன். அவர் குடும்பத்துடன் உம்ரா என்னும் மக்கா புனிதப் பயணத்துக்குப் புறப்படுகிறார். அதை முடித்துக்கொண்டு, துபாயில் இருக்கும் மகன் வீட்டில் தங்கிவிட்டு ஊர் திரும்ப ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்கிறார். அதுவரை அவருடைய மூன்று பூனைகளையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அவர் எங்களுக்குச் செய்திருக்கும் உதவிகளை நினைத்தால் மறுப்பதற்கு வழியே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் பூனை வளர்த்ததில்லை.

சுல்தான் என்பது கருத்தடை செய்யப்பட்ட கொழுத்த கடுவன். பஞ்சு, நீண்ட முடியுள்ள பெர்சியன் கலப்புப் பெட்டை. கறுப்பி என்பது தெருவிலிருந்து வந்து ஒண்டிக்கொண்ட வயதான பெட்டை; லாத்தாவைத் தவிர வேறு எவரையும் தொடவிடாது.

நாங்கள் சைவ உணவுக்காரர்கள். பால் சோறும் தயிர்ச் சோறும் கொடுத்து ஒரு மாதத்தை ஓட்டிவிட முடியுமா? மீன்தான் வேண்டும் என்றால், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்ட இந்த நேரத்தில் எதைக் கேட்டு வாங்குவது, எப்படிச் சமைப்பது என்று எனக்குத் தெரியாது. பூனைகளை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமா, அல்லது அங்கேயே விட்டு நான் போய்வர வேண்டுமா? என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கருவுற்றவர்கள் இருக்கும் வீட்டில் பூனை கூடாது என்று உறவினர்கள் சொல்வதில் உண்மை உண்டா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

மறுமொழி: வடக்குத்தெருக்காரர்

சகோதரிக்கு வணக்கம். பூனைகளை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். நாய் ஆளைப் பின்தொடரும். பூனை இடத்தைவிட்டு நகராது. தொல்லை தாங்காமல் பூனையைச் சாக்கில் கட்டி ஊர் எல்லைக்கு அப்பால் விட்டுவந்தவர், சில நாட்களில் அதைத் தம் அடுப்படியிலேயே பார்த்த கதை நம் பக்கத்தில் ஊருக்கு ஒன்று இருக்கும். உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தால் கதவு திறந்த முதல் நொடியில் அவை தம் வீட்டைத் தேடி ஓடும். அந்த வீடு பூட்டிக் கிடக்கும். இடையில் தெருநாய்கள் இருக்கும். ஆகவே நீங்கள் காலையும் மாலையும் அங்கே போய்வருவதுதான் சரி.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் நடுமுற்றம் வானம் பார்த்திருக்கும் என்பதால், வாசலைப் பூட்டிவிட்டோம் என்பதற்காகப் பூனை உள்ளேதான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தூணில் ஏறி, ஓட்டில் தாவி, நான்கு வீட்டு மாடிகளைத் தாண்டிப் போய்விடும். லாத்தா புறப்படும் முன்பே அவருடன் ஒருமுறை வீட்டைச் சுற்றிவந்து, எந்தப் பூனை வழக்கமாக வெளியே போகும், எந்த நேரத்தில் திரும்பும், எதற்கு வெளிப்பழக்கமே கிடையாது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பெர்சியனை எக்காரணம் கொண்டும் வெளியே விடாதீர்கள். இரண்டு பக்கமும் கம்பிவலை போட்ட சன்னல் உள்ள ஓர் அறையை அதற்கு ஒதுக்கிவிட்டால், மின்சாரம் நின்றுபோனாலும் காற்று ஊடாடும். ஒரே சன்னல் உள்ள மேற்குப் பார்த்த அறையை இந்த வெயிலில் மூடினால் அது அடுப்புதான்.

தண்ணீரை அகன்ற மண்சட்டியில் ஊற்றி, சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரின் உப்புக் கரிப்பு பூனைக்கும் பிடிப்பதில்லை. நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கொடுங்கள். எறும்புக்கு அஞ்சிக் கிண்ணத்தைச் சுற்றிப் பூச்சிப்பொடியையோ சாக்பீஸையோ கோடு போடுபவர்கள் உண்டு. பூனை அதை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கும் என்பதால் அது வேண்டவே வேண்டாம். ஓர் அகன்ற தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் தீனிக் கிண்ணத்தை வைத்தால், சிவப்பு எறும்பு தட்டின் விளிம்புவரை வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

பூனைகள் மலசலம் கழிக்கும் மணல் தட்டு, பூனைக்கு ஒன்று வீதம் வைத்து மேலும் ஒன்று கூடுதலாக இருந்தால் சண்டை வராது. கடற்கரை மணலை அள்ளிவந்து அப்படியே கொட்டினால் உப்பு ஈரம் காயாமல் நாற்றம் பிடிக்கும். அலசி, வெயிலில் காயவைத்த மணல் அல்லது மரத்தூள் போதும். அதைவிட, லாத்தா இதுவரை எதைப் பயன்படுத்தினாரோ அதையே தொடர்வது இன்னும் நல்லது. ஆள் மாறியதே பூனைக்குப் பெரிய மாற்றம்; மணலும் மாறினால் மெத்தையில் போய்விடும்.

மறுமொழி: உப்புக்காற்று, மண்டபம்

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உணவு, உடல்நலம் ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அம்மா, பால் சோற்றில் ஒரு மாதத்தை ஓட்ட முடியாது. பால் என்றால் பூனை உயிரை விடும் என்பது நாம் வழிவழியாகச் சொல்லிவருவதுதான் என்றாலும், குட்டிப் பருவம் தாண்டிய பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை சரிவரச் செரிப்பதில்லை. விரும்பிக் குடிக்கும், பிறகு கழியும். அதைவிட முக்கியமானது டாரின் என்ற சத்து. மனித உடல் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பூனையின் உடல் தனக்குப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே அது தக்க அளவில் கிடைக்கிறது. அது நீண்ட காலம் குறைந்தால் கண் பார்வை கெடும். இதயத் தசை தளர்ந்து விரிந்துபோகும் நோயும் இக்குறையால் வருகிறது என்பதைக் கலிபோர்னிய ஆய்வாளர்கள் 1987 ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஒரு மாதத்தில் கண் போய்விடாது. ஆனால் மீன் கேட்டுப் பழகிய பூனை தயிர்ச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நடந்துவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சுல்தானைப் போன்ற கொழுத்த பூனை தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதுவே உயிருக்கு உலையாகும். மனிதர்கள் உபவாசம் இருப்பதைப் போல் பூனையால் இருக்க முடியாது.

மீனைச் சமைப்பது எளிது. உங்கள் அடுப்படியில் வேண்டாம் என்றால் லாத்தாவின் அடுப்படியிலேயே தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள். உப்பு, மிளகாய், புளி எதுவும் சேர்க்காமல் சிறிதளவு நீரில் வேகவைத்து, நடுமுள்ளை உருவிவிட்டு, கொஞ்சம் குழைந்த சோற்றுடன் பிசைய வேண்டும். வேகவைத்த நீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள்; டாரின் நீரில் கரைந்து இறங்குவது என்பதால் அந்தச் சாற்றையும் சோற்றில் சேர்க்க வேண்டும். பச்சை மீனை வழக்கமாகக் கொடுப்பதும் தவறு. சூடை, மத்தி போன்ற சாளை வகை மீன்கள் சிலவற்றில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். தொடர்ந்து பச்சையாகத் தின்னும் பூனை முதலில் பசி குறைந்து, பிறகு நடை தள்ளாடி, தலை கீழ்நோக்கித் தொங்க, வலிப்புவரை போகும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே பக்கத்து வீடுகளில் அன்புடன் கொடுத்தனுப்பும் மீன் குழம்பு, ஆணத்து (கறிக்குழம்பு) மிச்சம் ஆகியவற்றை வாங்கி ஊற்றாதீர்கள். கருவாடும் அப்படித்தான், உப்பு மிகுதி.

எல்லாவற்றையும்விட நீங்கள் கவனிக்க வேண்டியது சுல்தானின் சிறுநீர். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகியது. தண்ணீர் குறைந்து, மனம் கலங்கியிருக்கும் நாட்களில் அதில் மணிமணியாக உப்பு படிந்தோ சளி அடைத்தோ வழி மூடிவிடும். பூனை மணல் தட்டில் போய் உட்காரும், முக்கும், ஒன்றும் வராது. மறுபடி வந்து உட்காரும், அடிவயிற்றை நக்கும், கத்தும். பார்ப்பவர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கக் கிளம்புவார். இது ஓரிரு நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. காலையில் பார்த்தால் மாலைவரை காத்திருக்கக் கூடாது. அதனால்தான் மூன்று பூனைகளும் ஒரே தட்டைப் பயன்படுத்தினால் யார் போனது, யார் போகவில்லை என்பது தெரியாமல் போகும் என்று அஞ்சுகிறேன். இரவில் சுல்தானைத் தனி அறையில் தனித் தட்டுடன் விட்டால், காலையில் மணலில் ஈரக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வீட்டிலுள்ள மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு உண்ணி போக விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு.

மறுமொழி: கரைவலை, பாம்பன்

ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இவ்வளவு தடபுடல் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் படகுத்துறையைச் சுற்றி எத்தனையோ பூனைகள் இருக்கின்றன. யாரும் முள் உருவிக் கொடுப்பதில்லை, அவை பிழைத்துத்தான் கிடக்கின்றன. கதவைத் திறந்துவிட்டால் பூனை தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மீன் வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு மட்டும்தான்; நாட்டுப்படகும் கரைவலையும் ஓடும். ஆகவே பெரிய மீன் விலை ஏறினாலும் சூடை, காரல், நெத்திலி வந்துகொண்டுதான் இருக்கும். மீன்காரம்மாவிடம் பூனைக்கு என்று சொன்னாலே போதும், அவரே பொடிமீனாக எடுத்துக் கொடுப்பார். காரலில் முள் அதிகம், சதை குறைவு. புதிதாகச் சமைப்பவருக்குச் சூடைதான் தோதானது. குக்கரில் நீண்ட நேரம் வேகவிட்டால் அதன் முள் விரலில் நசுங்கும், உருவ வேண்டிய வேலையே இல்லை. அள்ளிக்கொடுத்த பொடிமீனுக்குள் பேத்தை என்ற நச்சு மீன் கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செதிலில்லாமல் சொரசொரப்பான தோலும், உப்பிய வயிறும், கிளி மூக்குப் போன்ற பல்லும் இருந்தால் அது பேத்தை; அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

மறுமொழி: வடக்குத்தெருக்காரர்

பாம்பன் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. துறையில் பிழைத்துக் கிடக்கும் பூனைகளை மட்டுமே நாம் பார்க்கிறோம். பிழைக்காதவை கண்ணில் படுவதில்லை. அவையும் வலை உதறும்போது விழும் கழிவை நம்பி வாழ்பவை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த இரண்டு மாதங்களில் அவையே எலும்பும் தோலுமாகத் திரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாக மெத்தையில் தூங்கும் பெர்சியனை அங்கே அனுப்பினால் என்னாகும்? கருவாட்டுக் கிட்டங்கிகளில் எலிமருந்து வைப்பார்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்ற பூனைக்கும் அதே கதிதான். கறுப்பி பழகிய வழியில் போய்வரட்டும். மற்ற இரண்டும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

மறுமொழி: சேதுக்கரை வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை லாத்தாவுடன் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பஞ்சுவுக்கு முற்றத்தை ஒட்டிய அறையை ஒதுக்குவதாக முடிவாகியுள்ளது. மீனை நான் தொட வேண்டாம் என்றும், தம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணே காலையில் வந்து வேகவைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள் என்றும் லாத்தா சொல்லிவிட்டார். ஆயினும் அவள் வராத நாளில் நானே செய்வேன். வாயில்லா உயிருக்குச் செய்வதில் தீட்டு ஒன்றும் இல்லை என்று என் மாமியாரே கூறிவிட்டார். உலர் தீனிப் பாக்கெட்டும் ஒன்று வாங்கிவைக்கிறோம். அதை மட்டும் கொடுக்கலாமா? கறுப்பி என்னைக் கண்டாலே பீரோவுக்கு அடியில் போய்விடுகிறது. அதை எப்படி வசப்படுத்துவது? மகளைப் பற்றிய கேள்விக்கும் யாராவது விடை தர வேண்டுகிறேன்.

மறுமொழி: தொண்டிப் பெண்

அக்கா, மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கவனம் மட்டும் போதும். உறவினர்கள் அஞ்சுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை. கருவுற்ற காலத்தில் முதல்முறையாக அது தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது பூனையின் முடியிலோ மூச்சிலோ பரவுவதில்லை. தொற்றுள்ள பூனையின் மலத்தில்தான் வெளிப்படும். வெளிவந்த உடனே அது தொற்றாது. தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாட்கள்வரை ஆகும். ஆகவே மணல் தட்டை ஒவ்வொரு நாளும் நீங்கள் சுத்தம் செய்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டால் பெரும் பகுதி ஆபத்து நீங்கிவிடும். மகள் தட்டைத் தொட வேண்டாம், வெறும் கையால் தோட்ட மண்ணைக் கிளறவும் வேண்டாம். நன்றாகக் கழுவாத கீரை, காய்கறி வழியாகவும் இது வரும் என்பதால் சைவ வீடு என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

கறுப்பியை வசப்படுத்த முயலவே வேண்டாம். கிண்ணத்தை வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். லாத்தா உடுத்திக் கழற்றிய பழைய தாவணித் துணி ஒன்றைத் துவைக்காமல் அது படுக்கும் இடத்தில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அந்த வாசனை இருக்கும்வரை வீடு தன்னுடையதுதான் என்று அதற்குத் தோன்றும். உயிருள்ளதா என்று தெரிந்துகொள்வதற்காகப் பீரோவுக்கு அடியில் கையை விட்டீர்களானால் கீறிவிடும். கையை அல்ல, டார்ச் வெளிச்சத்தை விடுங்கள்.

கீறிவிட்டாலோ கடித்துவிட்டாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் பூனை வழியாகவும் வரும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். இரத்தம் வந்திருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். அப்போது தடுப்பூசியுடன் வேறு ஊசியும் தேவைப்படும். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல், அவர்கள் எழுதிக் கொடுக்கும் தேதிகள் அனைத்திலும் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று பூனைகளுக்கும் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறதா என்று லாத்தாவிடம் இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் அவர் புறப்படும் முன்பே போட்டுவிடட்டும்.

இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். பூனைக்கு நோய் வந்து, லாத்தா தொலைபேசியில் கிடைக்காத நேரத்தில் முடிவு எடுப்பது யார், செலவு யாருடையது? இஹ்ராம் என்னும் புனிதப் பயண நோன்புநிலையில் இருப்பவரைக் கூப்பிட்டு எங்கே அழைத்துப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எங்கள் தெருவில் இப்படி ஒரு பொறுப்பை ஏற்றவர், மருத்துவச் செலவைக் கேட்கத் தயங்கித் தயங்கி, கடைசியில் இரு வீட்டாரும் பேச்சை நிறுத்தும் அளவுக்குப் போனது. பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்டதால் தண்டனை பெற்றவளைப் பற்றிய நபிமொழி நம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். லாத்தாவுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் கேட்டால் அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போவதில் அவருக்கும் நிம்மதிதான்.

மறுமொழி: உப்புக்காற்று, மண்டபம்

அம்மா கேட்ட உலர் தீனியைப் பற்றி. நல்ல தீனியில் டாரின் சேர்த்திருப்பார்கள். நாள் முழுவதும் கிண்ணத்தில் இருந்தாலும் கெடாது. மீனோ இந்த வெயிலில் ஒரு மணி நேரம் தாண்டினாலே வாடை மாறிவிடும், மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். ஆனால் மீனில் முக்கால் பங்கு நீர். உலர் தீனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே நீர். சுல்தானுக்கு உலர் தீனியை மட்டும் கொடுத்தால் நான் முன்பு சொன்ன அடைப்புக்கு நாமே வழி செய்தவர்களாவோம். காலையில் சாற்றுடன் மீன், இரவுக்குக் கொஞ்சம் உலர் தீனி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய தீனியாக இருந்தால் லாத்தா ஊரில் இருக்கும்போதே சிறிது சிறிதாகக் கலந்து பழக்கிவிடுவது நல்லது. திடீரென்று மாற்றினால் வயிறு போகும்.

பஞ்சுவின் முடியை நாள்தோறும் சீப்பால் வாரிவிட வேண்டும். அக்குளிலும் பின்தொடையிலும்தான் முதலில் சிக்குப் பிடிக்கும். சிக்குப் பிடித்த இடத்தைக் கத்தரியால் வெட்டாதீர்கள். பூனையின் தோல் மெல்லிய காகிதம்போல் இழுபட்டு முடியோடு மேலே வரும், வெட்டு தோலில் விழும்.

மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லக் கூண்டு இல்லையென்றால், காய்கறி வாங்கும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாய்க்கு வாய் வைத்துச் சுற்றிலும் கயிற்றால் கட்டிவிடலாம்; காற்றும் போகும், பூனையும் தப்பாது. அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை எத்தனை மணிக்குத் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார், பூனையைப் பார்க்கும் தனியார் மருத்துவர் இராமநாதபுரத்தில் எவர் என்பதை இந்த வாரமே நேரில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கானது என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மறுமொழி: சேதுக்கரை வாசகி

பணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன். லாத்தா சிரித்துக்கொண்டே ஓர் உறையைக் கொடுத்து, மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் தம்மைக் கேட்காமலேயே போகும்படி சொன்னார். சுல்தானுக்கும் பஞ்சுவுக்கும் தடுப்பூசி அட்டை இருக்கிறது. கறுப்பிக்கு இல்லை, அதைப் பிடிக்க நாளைக் காலை இரண்டு கூடைகளுடன் போகிறோம்.